மீன் தொடாத வீட்டுப் பெண்

அவள் என்னைவிட நன்றாகப் படித்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. படிப்பில் என்னை முந்தியவர்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்துதான் டீ குடித்தேன், அவர்களோடுதான் கடற்கரைக்குப் போனேன். அவள் என்னை முந்தியது மீனில். அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

மீன் எங்கள் வீட்டுச் சொத்து. அம்மா விடிவதற்குள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலத்தில் நின்று மீன் எடுப்பாள். பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பாள். எனக்கு ஆறு வயதிலேயே மீன் கழுவத் தெரியும், பத்து வயதில் சுறா அறுக்கத் தெரியும். அவளோ பாகூர்ப் பக்கத்துக் கிராமம். நெல்லும் பூவும் போடுகிற குடும்பம். அவள் தாத்தா ஏதோ காய்ச்சலில் பிழைத்ததற்காக முருகனிடம் வேண்டிக்கொண்டு கவிச்சியை விட்டாராம். அவரோடு சேர்ந்து வீடே விட்டுவிட்டது. மீன் வெந்த சட்டி அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அப்படிப்பட்டவள் விலங்கியல் படிக்க வந்து, என் அம்மா கொண்டுவந்து கொடுத்த சுறாவை எனக்குப் பக்கத்து மேசையில் வைத்து, எனக்கு வராததைச் செய்துகாட்டினாள். நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. பி.எஸ்சி. விலங்கியல் என்றால் கரப்பான், தவளை, கடைசி வருஷத்தில் சுறா. அறுக்காமல் பட்டம் கிடையாது.

அவளுக்கு இருந்த பெரிய பலம் ஒரு சொல். 'தெரியாது' என்ற சொல். நாமெல்லாம் அதைச் சொன்னால் கூடவே ஓர் இழுவை இருக்கும், ஒரு தலைசொறிதல் இருக்கும், ஏன் தெரியாமல் போயிற்று என்பதற்கு ஒரு கதையும் இருக்கும். அவள் பசிக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிடுவாள். சொன்ன கையோடு, "சொல்லேன்" என்று நம் முகத்தையே பார்ப்பாள். நான் அதற்கு நேர் எதிர். அந்த ஆய்வுக்கூடத்தில், அதுவும் மீன் விஷயத்தில், நான் தெரியாது என்று சொல்வதா? நாக்கைக் கடித்துக்கொள்வேனே தவிர சொல்லமாட்டேன்.

எங்கள் மேடம் சொல்தா வீட்டுப் பெண். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சில்தான் நடக்குமாம். யாராவது ஒழுங்காக ஒன்றைச் செய்துவிட்டால் மேடம் தலையை ஆட்டிக்கொண்டு "போன், போன்" என்பார். ஒரு வருஷமாக நாங்கள் முப்பது பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் தடவையாக அது அவளுக்குக் கிடைத்தபோது அவள் எழுந்து நின்று, "மேடம், எங்கிட்ட போன் இல்லீங்களே" என்றாள்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். மேடமும் சிரித்துவிட்டு, பிரெஞ்சில் அதற்கு 'நல்லது' என்று பொருள் என்றார். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் அதுவரை அதற்கு அர்த்தம் தெரியாமல்தான் இருந்தேன். யாரையும் கேட்கவும் இல்லை. அவளோ ரெக்கார்டு நோட்டைத் திறந்து ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்: 'போன் என்றால் நல்லது. சொன்னது மேடம்.'

இது அவளுடைய இன்னொரு பழக்கம். எதைத் தெரிந்துகொண்டாலும் அதைச் சொன்னவர் யார் என்று ஓரத்தில் எழுதிவைப்பாள். அந்த நோட்டின் ஓரங்களில் பாகூர் பஸ் கண்டக்டர் இருந்தார், கேன்டீன் அக்கா இருந்தார், அவளுடைய சித்தப்பா இருந்தார். 'தவளையின் பின்னங்கால் நாலு மணி நேரம் கழித்தும் துடிக்கும். சொன்னது கேன்டீன் அக்கா' என்று ஒரு பக்கத்தில் பார்த்தேன். கேன்டீன் அக்காவிடம் போய்த் தவளையைப் பற்றி யார் பேசுவார்கள்? இவள் பேசுவாள்.

சுறா வந்த முதல் நாள். மேடம் கரும்பலகையில் படம் போட்டு, இது குருத்தெலும்பு மீன், உடம்பில் ஓர் எலும்புகூடக் கிடையாது என்று சொன்னார். இவள் கை தூக்கினாள். "குருத்தெலும்புன்னா எப்டி இருக்கும் மேடம்? கடிக்க வருமா?" மூன்றாம் வருஷத்தில் கேட்கிற கேள்வியா அது? மேடம் பதில் சொல்வதற்குள் இவளே தன் காதுமடலைப் பிடித்து இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்தாள். "இந்த மாதிரியா?" மேடம் "போன்" என்றார். அடுத்த நிமிஷம் வகுப்பு முழுக்கத் தன் தன் காதைப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் மடக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை சுறாத்தண்டை மென்று துப்புகிறவள் நான். எனக்குத் தெரியாத குருத்தெலும்பா? ஆனால் அது என் காதிலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் மடக்கிப் பார்த்தேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு சுறாத்தலை. கடைசி வருஷப் பிள்ளைகளில் தலை நரம்புகளை அறாமல் எடுத்துக்காட்டுகிறவர்களின் தலையை, அதாவது அவர்கள் அறுத்த சுறாவின் தலையை, கண்ணாடி ஜாடியில் மருந்துத் தண்ணீர் ஊற்றி மூடி, பெயரெழுதிய சீட்டு ஒட்டி, துறையின் அலமாரியில் வைப்பார்கள். அந்த அலமாரியில் என் பெயர் வரவேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

காரணம் இருந்தது. நான் காலையில் எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்து, சோப்புப் போட்டு, பவுடரும் போட்டுக்கொண்டுதான் கல்லூரிக்குப் போவேன். அப்படியும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் மூக்கைத் தொட்டால் எனக்குக் காது சூடேறிவிடும். கல்லூரிக்குச் சுறா கொடுப்பதும் அம்மாதான். இருபது வருஷ வாடிக்கை. செய்முறை வகுப்பு நாளில் அலுமினிய அன்னக்கூடையோடு ஆய்வுக்கூட வாசலில் வந்து நிற்பாள். பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைத் தாண்டிப் போவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அப்படிக் குனிந்ததற்கெல்லாம் சேர்த்து அந்த ஜாடியில் என் பெயர் வரவேண்டும் என்று நினைத்தேன். அம்மாவிடம் முதல் வருஷமே சொல்லிவிட்டேன்.

"அந்த அலமாரில என் பேரு வரும், பாத்துக்கினே இரு."

"வரட்டும்டி. மீனு நான் குடுக்கறேன்" என்றாள் அம்மா. "நல்ல மீனாக் குடுக்கறேன்."

அம்மாவுக்கு அது ஒன்றுதான் கௌரவம். மார்க்கெட்டில் எவளோடும் சண்டைக்குப் போவாள், எடையில் அரைக்கால் முன்னே பின்னே பேசுவாள், ஆனால் பழைய மீனை வாடிக்கையிடம் தள்ளியதில்லை. மிஞ்சியது கருவாட்டுக்குப் போகும்.

தலை நரம்பு எடுப்பது லேசான வேலை இல்லை. எண்களால்தான் அவற்றைச் சொல்வோம். ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து. தையல் நூல் தடிமன் இருக்கும், வெள்ளையாக இருக்கும், சதையும் பக்கத்தில் வெள்ளையாகவே இருக்கும். ஐந்தும் ஏழும் கண்குழியின் அடியில் ஓடும். ஒன்பதும் பத்தும் காதுக்குப் பின்னாலிருந்து செவுள்களுக்குப் பிரியும். ஒவ்வொன்றின் அடியிலும் கருப்புத் தாளைக் கீறிச் செருகிக் காட்டவேண்டும். ஓர் இழுப்புத் தப்பாக இழுத்தால் முடிந்தது.

நான் வேகமாக அறுப்பேன். சுத்தமாகவும் அறுப்பேன். மேடம் ஒருநாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "நீ பாடத்துக்கு அறுக்கலம்மா, கொழம்புக்கு அறுக்கற" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, "சுறாவுல கொழம்பு வெப்பாங்களா? எப்டி வெப்பீங்க?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். கிண்டல் செய்திருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அவள் பிளேடை அதிகம் தொடமாட்டாள். இடதுகைக் கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் வளர்த்திருந்தாள். அவள் வீட்டில் பூக்கட்ட வாழைநார் கிழிப்பது அவள் வேலை. காய்ந்த நாரைத் தண்ணீரில் நனைத்து, நுனியை நகத்தால் பிரித்துவிட்டு, இழுக்காமல் அதுவாக வரும்வரை பிடித்துக்கொள்ளவேண்டுமாம். சுறாவின் கண்குழியிலும் அதையே செய்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவாள், நகத்தால் சதையை ஒதுக்குவாள், காத்திருப்பாள்.

"பிளேடு எதுக்குக் குடுத்திருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"பிளேடு அறுத்துடுது மேடம். நகம்னா பிரிச்சுக் குடுக்குது."

நான் முடித்துக் கை கழுவிவிட்டு வரும்போது அவள் ஐந்தாம் நரம்பில் பாதியில் இருப்பாள். "இன்னுமா?" என்றால், "இன்னா அவசரம், அது ஓடியா போவப்போவுது?" என்பாள். அவளுக்கு இது வாய்ப்பாடு. பஸ் தவறினாலும் இதுதான், மணி அடித்தாலும் இதுதான். என் நரம்புகள் எங்கேயாவது ஓரிடத்தில் அறுந்திருக்கும். அவளுடையது முழுசாக, கருப்புத் தாளின்மேல் கோலம்போலக் கிடக்கும். நான் அவள் தட்டைப் பார்க்காமல் போகவேண்டும் என்று தினமும் நினைப்பேன். தினமும் பார்ப்பேன்.

இதுகூடப் போகட்டும். அவள் என் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை.

ஒருநாள் அவள் அறுத்தது பெண் சுறா. வயிற்றைத் திறந்ததும் விரல் நீளத்துக்கு நாலைந்து குட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி. அவள் தட்டோடு எழுந்து ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே ஓடினாள். வராந்தாவில் அம்மா மிஞ்சிய சுறாக்கள் கிடந்த கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, மீனுக்குத் தொப்புள்கொடி இருக்குமா?"

"மத்த மீனுக்கு ஏது கண்ணு? அதுங்க முட்ட போடும். பால்சுறா குட்டிதான் போடும். அதுக்கு இருக்கும்."

"உள்ள குட்டி இருக்குதுன்னு வெளியிலேந்தே தெரியுமா?"

அம்மா அவள் கையைப் பிடித்து இன்னொரு சுறாவின் வயிற்றில் வைத்தாள். "இங்க அமுக்கு. அங்க இல்ல, இங்க. தெரியுதா?"

அரைமணி நேரம் இரண்டு பேரும் வராந்தாவில் குந்திக்கொண்டு சுறா வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா சிரித்துச் சிரித்துப் பேசினாள். முழுகாமல் இருந்தபோது தான் தின்ற சுறாப்புட்டு, பிள்ளை பெற்றபின் பால் ஊற என் ஆயா ஆக்கிப்போட்டது, நான் குறைமாதத்தில் பிறந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். நான் குறைமாதத்தில் பிறந்தவள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தக் குட்டிகளை நான் நூறு தடவையாவது வழித்துச் சாக்கடையில் போட்டிருக்கிறேன். ஒருநாளும் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அதற்குப் பிறகு செய்முறை நாட்களில் அவள் பாகூரிலிருந்து ஒரு முழம் கனகாம்பரம் கட்டிக்கொண்டு வருவாள், அம்மாவுக்கு. அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் உட்காருவாள். வீட்டில், "பாகூருப் பொண்ணு வந்துச்சா, சாப்ட்டுச்சா" என்று விசாரிப்பாள். "நான் சாப்ட்டனான்னு கேட்டியா?" என்றேன் ஒருநாள். "உனக்கு இன்னாடி, வீட்லயே திங்கற" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

கடைசிப் பருவத்தில் ஜாடிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. மேடம் இரண்டு பேரை நிறுத்தினார், அவளையும் என்னையும். ஒரே நாள், ஆளுக்கொரு சுறா, நாலு நரம்பும் வரவேண்டும், யாருடையது முழுசாக இருக்கிறதோ அது ஜாடிக்குப் போகும். அம்மா முந்தின நாள் ஏலத்திலேயே இரண்டு சுறா பார்த்து எடுத்தாள். ஒரே அளவு, இரண்டும் கண் பளபளவென்று இருந்தன. "ரெண்டும் ரெண்டு கண்ணு மாதிரி" என்று கல்லூரியில் அவளிடம் சொன்னதையே வீட்டிலும் சொல்லி ஐஸ் பெட்டியில் வைத்தாள். அதே பெட்டியின் அடியில் கருவாட்டுக்கு ஒதுக்கிய சுறா ஒன்று கிடந்தது. மூன்று நாள் பழசு, வால் நுனி அறுந்தது.

காலையில் அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். அன்று மட்டும் கூடையைக் கல்லூரிக்கு எடுத்துப் போவது என் பொறுப்பு. நான் நல்லதில் ஒன்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, அந்தப் பழசை எடுத்துக் கூடையில் வைத்தேன். கை நடுங்கியது என்று எழுதலாம். நடுங்கவில்லை. ஐஸை மேலே தட்டி மூடிவிட்டு, ஜடை பின்னிக்கொண்டு கிளம்பினேன்.

ஆய்வுக்கூடத்தில் அவள், "எது எனக்கு?" என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். வால் நுனியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவளுக்குப் புதுசு. எனக்கிருந்த பதற்றத்தில் அது அப்போது தோன்றவில்லை.

பழைய சுறாவில் ஒரு வாடை ஏறும். கண்ணை எரிக்கும், மூக்கில் குத்தும். ஒருமணி நேரத்தில் அவள் கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர் கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நகத்தால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். என் சுறா புதுசு, சதை விறைப்பாக நரம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஆனாலும் அன்று எனக்குக் கை ஓடியது. ஐந்து வந்தது, ஏழு வந்தது, ஒன்பதும் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று நரம்பும் அறாமல் கருப்புத் தாளில் கிடந்தன. பத்தாவதைத் தொடர்ந்து செவுள்வரை வந்துவிட்டேன். ஜாடி எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. மெழுகு ஊற்றிய அந்தத் தட்டைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அப்போது கூடையை எடுத்துப்போக அம்மா வந்தாள்.

"ஏன் கண்ணு அழுவுற?" என்றாள் அவளைப் பார்த்து.

"அழுவலம்மா, எரியுது. யூரியா மூட்டயப் பிரிச்ச மாதிரி இருக்குது. சுறான்னா இப்டித்தானம்மா இருக்கும்?"

அம்மா குனிந்தாள். மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் மோந்தாள். செவுள் கீறலை விரலால் விரித்துப் பார்த்தாள். பிறகு வாலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மீன் கழுவ உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை செவுள். இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு திருகு, ஓர் இழுப்பு. ஆறு வயதில் அம்மா என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. நான் மெத்தனமாக இருந்தால் அம்மா வாய் திறந்து திட்டமாட்டாள், இப்படித்தான் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லிப் பழகியது என் கைதான். சுறாவுக்கு மற்ற மீன்போலச் செவுள் மூடி கிடையாது, ஆனால் திறந்து வைத்துவிட்டால் கைக்கு எல்லா மீனும் ஒன்றே. அம்மா பார்த்தாள், என் இரண்டு விரலும் உள்ளே போயின, திருகின, இழுத்தன. செவுள் என் கையில் வந்துவிட்டது. பத்தாவது நரம்பு நாலு கிளையோடும் அதில் தொங்கியது. ஒன்பதாவதும் கூடவே வந்திருந்தது.

வாடை மேடத்துக்கும் எட்டியிருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். அவள் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது பழசு. நீதானே எடுத்துக்கிட்டு வந்தே? மீன்காரங்க வீட்டுப் பொண்ணு, உனக்குத் தெரியலியா?"

"தெரியல மேடம்" என்றேன். மூன்று வருஷத்தில் அந்த ஆய்வுக்கூடத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அம்மா முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். "எம் மேல தப்பும்மா. இருட்டுல பெட்டில கைய விட்டேன், கருவாட்டுது மாறி வந்துடுச்சு. அது கொழந்த, அதுக்கு இன்னா தெரியும்?"

"இருபது வருஷமா குடுக்கறீங்க" என்றார் மேடம். "அடுத்த தடவ பாத்துக் குடுங்க."

அவ்வளவுதான் சொன்னார், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் இருபது வருஷத்தில் ஒருத்தரும் அம்மாவிடம் சொல்லாத வார்த்தை அது. அம்மா "சரிம்மா" என்றாள். அவள் யாரிடமும் அப்படிச் 'சரிம்மா' சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய மீனின் சதை நெகிழ்ந்துபோய் நரம்பைத் தானாக விட்டுக்கொடுத்திருந்தது. நான் வைத்த ஆப்பு அவளுக்கே உதவிவிட்டது. ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து, பத்தின் நாலு கிளைகள், எல்லாம் முழுசாகக் கிடந்தன. மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டே "போன்" என்றார், இரண்டு தடவை.

வீட்டில் அம்மா ஐஸ் பெட்டியில் நான் விட்டுவந்த நல்ல சுறாவை எடுத்தாள், வேகவைத்தாள், தோலை உரித்தாள், உதிர்த்தாள், பூண்டும் வெங்காயமும் போட்டுப் புட்டு செய்தாள். முழுவதையும் என் தட்டில் வைத்தாள். தான் ரசம் ஊற்றிக்கொண்டாள். நான் அத்தனையும் தின்றேன். மீதி வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வாரம் ஜாடி தயாராகிவிட்டது. மேடம் கருப்பு மையால் சீட்டு எழுதும்போது அவள், "மீனு குடுத்தவங்க பேரையும் போடலாமா மேடம்?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குத்தான் யார் சொன்னது, யார் கொடுத்தது என்று எழுதாவிட்டால் சோறு இறங்காதே. மேடம் சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுத்தாராம். இதை யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அம்மா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து அலமாரி முன்னால் நின்றாள். நானும் அவளும் இரண்டு பக்கமும் நின்றோம்.

அம்மாவுக்குத் தமிழில் தன் பெயரை எழுத மட்டும் வரும். சீட்டு இங்கிலீஷில் இருந்தது.

"படிடி" என்றாள் என்னிடம்.

படித்தேன். முதல் வரியில் அவள் பெயர். இரண்டாவது வரியில் அம்மாவின் பெயர். மூன்றாவது வரியில் சுறாவின் லத்தீன் பெயர்.

"எது எம் பேரு?"

காட்டினேன். அம்மா கண்ணாடிமேல் விரலை வைத்து அந்த வரியைத் தடவினாள். என் பெயர் வரும் என்று நான் சொன்ன இடத்தில் அம்மாவின் பெயரே இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தது நான் இல்லை. அம்மாவின் பெயருக்கு மேலே ஒட்டிக்கொண்டு இன்னொருத்தியின் பெயர் இருந்தது.

"மீனு நல்ல மீனுன்னு போட்டிருக்குதா?" என்றாள் அம்மா.

"போட்டிருக்குதும்மா."

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ சொல்லு கண்ணு. போட்டிருக்குதா?"

இவள் தெரிந்ததைத் தெரியும் என்பாள், தெரியாததைத் தெரியாது என்பாள். மூன்று வருஷத்தில் ஒருநாளும் பிசகியதில்லை. இப்போதும் உள்ளதைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நின்றேன்.

அவள் குனிந்தாள். மூன்றாவது வரியில், அந்த லத்தீன் பெயரின்மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டே படித்தாள்.

"மொத நாளு ஏலத்துல எடுத்த புது மீனு. ரெண்டும் ஒரே மாதிரி. தோ இருக்குது பாரும்மா, கடைசி வரி."

அம்மா "ம்" என்றாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். முதுகு நிமிர்ந்திருந்தது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு பாகூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் திரும்பியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்தது பொறாமைதான், அதுவரை வந்ததிலேயே பெரியது. என் அம்மாவிடம் அவ்வளவு நல்ல பொய்யைச் சொல்லியிருக்கவேண்டியவள் நான்.